லாவெண்டர் வகைகளும் தானாக முளைக்கும் நாற்றுகளும்

லாவெண்டர் செடியின் அடியில் தானாக முளைத்து நிற்கும் நாற்றைப் பிடுங்குவதா, வளர்ப்பதா என்பது, அதன் தாய்ச்செடி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இங்கே கூறப்படும் முறைகள் இங்கிலாந்தைப் போன்ற குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கு உரியவை. பருவங்களும் அந்நாட்டுப் பருவங்களே.

குளிரை நன்கு தாங்குவது 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா'. 'ஹிட்கோட்', 'மன்ஸ்டெட்' ஆகியவை இதன் புகழ்பெற்ற ரகங்கள். இதுவும் அகன்ற இலை கொண்ட 'லாட்டிஃபோலியா'வும் கலந்து பிறந்த கலப்பினமே லாவண்டின். பிரான்ஸின் புரொவான்ஸ் வயல்களில் எண்ணெய்க்காகப் பெரிதும் பயிராவது இதுதான். பூக்கதிரின் உச்சியில் முயல் காதுகளைப் போல, இதழை ஒத்த பூக்காம்பிலைகள் நீட்டி நிற்பது 'ஸ்டோகாஸ்'. இலையோரம் பல் பல்லாக இருப்பது 'டென்டாட்டா'. உறைபனியில் இது நிலைக்காது என்பதால், குளிர்காலத்தில் தொட்டியோடு உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

எல்லா வகைக்கும் முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் தேவை. களிமண்ணாக இருந்தால் சரளை கலந்து மேடாக்கி நட வேண்டும்; எருவைத் தவிர்த்துவிடலாம். இச்செடிகள் பெரும்பாலும் குளிரால் சாவதில்லை, குளிர்கால ஈரத்தில் வேரழுகியே சாகின்றன.

இனி நாற்றுகளுக்கு வருவோம். லாவண்டின் விதை கட்டாத மலட்டு இனம். ஆகவே லாவண்டின் ரகமான 'கிராசோ' செடியின் அடியில் ஒரு லாவெண்டர் நாற்று முளைத்திருந்தால், அது பக்கத்திலுள்ள வேறொரு செடியின் பிள்ளை என்று கொள்ளலாம். அங்குஸ்டிஃபோலியாவின் விதைகள் குளிர்கால ஈரத்தில் கிடந்து உறக்கம் கலைந்த பிறகு, வசந்தத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். இவற்றில் 'ஹிட்கோட்'டின் விதையிலிருந்து வந்த நாற்று 'ஹிட்கோட்' ஆகாது. உயரமும் நிறமும் மாறக்கூடும். ஒரே சீரான வேலி வேண்டுவோர் இந்நாற்றுகளை நம்பக் கூடாது. ஸ்டோகாஸ் தாராளமாக விதை சிந்தும். அதனருகே பச்சை நிறப் பூக்காம்பிலைகளும் வெள்ளைப் பூக்களும் கொண்ட 'விரிடிஸ்' வளர்ந்தால் இரண்டும் எளிதில் கலந்துவிடும். அப்படிப் பிறக்கும் நாற்றுகளில் எதிர்பாராத நிறங்கள் தோன்றுவதால், என் கருத்தில், காத்திருந்து பார்க்கத் தக்கவை இவையே. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டோகாஸ் களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே இதைப் பரவ விடக் கூடாது.

நாற்றுகளைத் தேட வேண்டிய இடம் பாத்தியின் நடுப்பகுதியன்று. சரளைப் பாதையும் நடைகற்களின் இடுக்குகளுமே. அங்கே நீர் வடிகிறது, வெளிச்சம் படுகிறது, போட்டிக்குப் பிற செடிகளும் குறைவு. சிறு வித்திலைகளுக்கு மேல், எதிரெதிராக அமைந்த ஒடுங்கிய சாம்பல் பச்சை இலைகள் தோன்றும். களையோ என்ற ஐயம் எழுந்தால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் போதும். இரண்டு இணை இலை விட்ட நாற்றிலேயே மணம் தெரிந்துவிடும்.

நான்கைந்து இணை இலைகள் வந்து, நாற்று விரல் நீளம் வளர்ந்த பின்னரே பெயர்க்க வேண்டும். முந்திய நாள் நீர் ஊற்றி, கரண்டியை ஆழமாகச் செலுத்தி, வேரைச் சுற்றிய மண் உதிராமல் எடுத்து, இரண்டு பங்கு தொட்டி மண்ணும் ஒரு பங்கு பருமணலும் கலந்த சிறு தொட்டியில், முன்பு நின்ற ஆழத்திலேயே நட வேண்டும்; தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிடுக்கில் சிக்கிய நாற்றை வலிந்து இழுத்தால் வேர் அறும். அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் கிளை விட்டு அடர்த்தியாகும்.

அடுத்த ஆண்டும் நாற்றுகள் வேண்டுமானால், பூ முடிந்ததும் செய்யும் கவாத்தில் சில கதிர்களை மட்டும் விதைக்காக விட்டுவிட்டு, மற்றவற்றை இலையுள்ள பகுதியில் ஓரிரு அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். இலையற்ற பழைய கட்டையில் கத்தரி பட்டால் அது மீண்டும் துளிர்ப்பது அரிது.

நாற்றுகள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கும். மனத்துக்குப் பிடித்த ஒன்று கிடைத்தால், அதே குணம் மாறாமல் பெருக்க விதை உதவாது. கோடையின் பிற்பகுதியில் பூ இல்லாத கிளையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. துண்டு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் தொட்டியோரமாக ஊன்றி, நிழலில் வேர் பிடிக்க விட வேண்டும்.