கீழே விழுந்த லேப்டாப்புக்கு ஃபார்மட் மருந்தல்ல

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வருபவர்களின் லேப்டாப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழும். மேல் தட்டில் வைத்த பை, சூளகிரிப் பக்கம் டிரைவர் போடும் ஒரு பிரேக்கில் கீழே வந்துவிடும். வீட்டில் ஆன் செய்தால் ஓடும். சில நாள் கழித்து வேலைக்கு நடுவே பட்டென்று அணையும். திரும்ப ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் வரும். ரவுண்டானா பக்கம் சர்வீஸ் கடையில் கொடுத்தால் அங்கே சமர்த்தாக அரை மணி நேரம் ஓடிக்காட்டும். "சாஃப்ட்வேரா இருக்கும் சார், ஃபார்மட் போட்டுப் பாக்கலாம்" என்பார்கள். அதற்குத் தலையாட்டுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

விழுந்த பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் முதல் சந்தேகம் ஹார்ட்வேர் மேல்தான் விழவேண்டும். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதில் சுழலும் தட்டின் பரப்பைத் தொடாமல், மயிரிழையை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட் நகரும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் ஹெட் தட்டில் இடித்திருக்கலாம். அப்படி அடிபட்ட டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், மிச்சமிருக்கும் கோப்புகளின் மேலேயே எழுதுகிறீர்கள். மாங்கூழ் ஆலையின் டேலி கணக்கு சீசன் நடுவில் அதற்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 'செக்டிஸ்க்' ஓட்டுவதும் இதே ரகம்தான். அது கோப்பு முறையைச் சீர்செய்யும் கருவி, தரவைக் காப்பாற்றும் கருவியல்ல. முதலில் முக்கியமானதை வெளி டிஸ்க்கிலோ கூகுள் டிரைவிலோ நகலெடுங்கள். நகலெடுக்கும்போது 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள். புது லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் கிடையாது, ஆனாலும் அதிர்ச்சியில் ஸ்லாட்டிலிருந்து தளர்ந்திருக்கலாம்.

விண்டோஸ் குற்றவாளியா இல்லையா என்று அழிக்காமலேயே பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஒரு பெண்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸை விட்டுவிடலாம். அங்கே ஒழுங்காக ஓடினாலும் விண்டோஸ்தான் கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெண்டிரைவிலிருந்து ஓடும்போது உள்ளிருக்கும் டிஸ்க்குக்கு அதிக வேலையில்லை, கோளாறு அதில்கூட இருக்கலாம்.

விண்டோஸின் பதிவேடுகளைக் காட்டும் இவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்ததும் புது சார்ஜர் வாங்குகிறவர்கள் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்த வரி பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

விட்டுவிட்டு வரும் கோளாறு எப்போது வருகிறது என்று கவனிக்காததும் தவறுதான். மூடியை அசைக்கும்போது மட்டும் திரை மினுக்கினால் ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐயில் டிவியை இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: டிவியில் படம் நிலையாக இருந்து லேப்டாப் திரை மட்டும் போனால் கேபிளோ பேனலோதான். இரண்டிலும் போனால் விஷயம் உள்ளே இருக்கிறது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் லேப்டாப் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறதா? ராம் (நினைவகம்) தளர்ந்திருக்கலாம், மதர்போர்டில் சால்டர் (பாகங்களை ஒட்டவைக்கும் பற்று) விரிசல் விட்டிருக்கலாம். கனமான வேலையில் சூடேறிய பிறகு அணைந்தால் ஃபேன், அல்லது சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்க். சார்ஜர் முனையை அசைத்தால் போய்வந்தால் சார்ஜிங் ஜாக். கோளாறு வரும் நொடியில் மொபைலில் வீடியோ எடுத்துவையுங்கள், கடையில் அது வராமல் ஏமாற்றும். வரவைக்கிறேன் என்று தட்டுவதும் முறுக்குவதும் மட்டும் வேண்டாம்.

நீங்களே திறப்பதானால் சார்ஜரைக் கழற்றி, அணைத்து, உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகே ராமைத் தொடுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முடுக்கினால் போர்டையே சேதப்படுத்தலாம். ஒரே நாளில் ராம், எஸ்எஸ்டி, சார்ஜர் மூன்றையும் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

டச்பேட் மேலே எழும்பியிருந்தால், அல்லது அடிப்பாகம் மேசையில் சரியாக உட்காராமல் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது மேற்கொண்டு சோதிப்பதெல்லாம் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கேளுங்கள்.

"போர்டுக்கு ஹீட் கொடுத்தா சரியாயிடும்" என்பதை நம்பிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். விரிசல் விட்ட சால்டர் சூட்டில் தற்காலிகமாக ஒட்டும், கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்பும்.

வாரண்டி போய்விடுமே என்று விழுந்ததை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். மறைத்தால் மெக்கானிக் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார், உங்களுக்குக் கூலிதான் ஏறும். சாதாரண வாரண்டியில் கீழே விழுந்த சேதம் பொதுவாக வராது. தற்செயல் சேதத்துக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பில்லைப் பாருங்கள். போர்டு மாற்றவேண்டும் என்று சொன்னால், சம்மதிக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், புது போர்டு போட்டதும் அந்தச் சாவியைக் கேட்கும்.