சக ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது எப்படி? புதிய தலைமையாசிரியர்களுக்கு ஒரு செய்முறை

தலைமையாசிரியர் பொறுப்புக்கு வந்த புதிதில், வகுப்பறை உற்றுநோக்கல் என்றால் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பதிவேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மாதமே ஒரு டீச்சர் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அழுதுவிட்டார். அதற்கப்புறம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, எனக்கு நிலைத்த முறை இது. தொடக்கப் பள்ளியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: முந்தின நாளே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு இரண்டாவது பாடவேளைக்கு வருகிறேன், எதைப் பார்க்கட்டும் டீச்சர்?" என்று கேட்டால் போதும். அவர் சொல்வதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, உட்காரும் இடம். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளின் தலைதான் தெரியும், முகம் தெரியாது. முன்பக்கம் ஓரமாக உட்காருங்கள். எண்ணும் எழுத்தும் (தமிழக அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பு என்றால் நாற்காலியே வேண்டாம், தரையில் உட்காருங்கள். பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரிந்திருக்கும்போது, டீச்சர் ஒரு குழுவோடு இருக்கிற நேரத்தில் மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்பது அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மூன்றாவது, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஒரு படம் வரைவது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். கைபேசி வேண்டவே வேண்டாம், எடுத்தாலே வீடியோ பிடிக்கிறார் என்று டீச்சரின் குரல் மாறிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். டீச்சர் கேள்வி கேட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பிள்ளை தானாகப் பேசினால் ஒரு வட்டம். முடிந்தால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை நொடி என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடியாக்கினால் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதியிருக்கிறார். என் பள்ளியில் எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த ஒரு நொடி எவ்வளவு குறைவு என்று உறைத்தது.

நான் தவறியது நான்காவது படியில், எழுதுவதில். அன்றைக்கு நான் எழுதியது: "வகுப்புக் கட்டுப்பாடு போதாது, மாணவர் ஈடுபாடு குறைவு." இது தீர்ப்பு. நான் கண்ணால் பார்த்தது வேறு: "10.25. சன்னலோரம் மூன்று பேர் பென்சில் சீவுகிறார்கள். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்." இப்படி எழுதியிருந்தால், நீளமாக எழுதிப்போடும்போது பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று அவரே கண்டுபிடித்திருப்பார். கண்ணில் படாத, காதில் விழாத எதையும் எழுதாதீர்கள்.

பேசும்போதும் இதே கதைதான். அலுவலக அறைக்குக் கூப்பிட்டால் மெமோ கொடுக்கப்போகிறார் என்றே தோன்றும். அன்று மாலையே அதே வகுப்பறையில், அதே பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "ஏன் அவனைக் கேட்கவில்லை?" என்பது நம் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணாவது வரிசையில இந்தப் பிள்ளைய நான் இன்னைக்கு ஒரு தடவகூடக் கூப்பிடல சார்" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக, மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று, அதை அவரே சொல்லட்டும். பத்து நாள் கழித்துப் போய் அதை மட்டும் பாருங்கள். அப்புறம், படத்தாளைக் கோப்பில் சேர்க்காதீர்கள். அது அவருடையது, அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஈராசிரியர் பள்ளியில் இது எப்படி முடியும், எனக்கே மூன்று வகுப்பு இருக்கிறதே என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதை நான் யோசித்திருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் 20 நிமிடம், கதையோ பாட்டோ நடத்தும் நேரத்தில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். ஒருவர் நடத்த மற்றவர் படம் வரையலாம், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், நோட்டும் பென்சிலும் உதவி ஆசிரியர் கையில் இருக்கட்டும்.