'மோனோ' என்றால் குரங்கு மட்டும்தானா?

ஸ்பானிய மொழியில் குரங்குக்கு 'மோனோ' என்று பெயர். அகராதியில் இதைப் பார்த்ததும் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்புறம் மாட்ரிடில் ஒரு பாட்டி, தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையைப் பார்த்து "கே மோனோ!" என்று கொஞ்சினால் திகைத்துப் போகிறார்கள். பாட்டி சொன்னது "என்ன அழகு!" என்றுதான். குழந்தை, நாய்க்குட்டி, புதுச் சட்டை என்று எதையும் ஸ்பெயினில் இப்படிச் சொல்லலாம். பெண்பாலுக்கு 'மோனா'.

புதிதாகக் கற்கிறவர்களை அதிகம் சறுக்கவைப்பது 'உன்' என்கிற குட்டிச் சொல். நம்முடைய 'ஒரு' மாதிரி அது; பெண்பாலில் 'உனா'. "எஸ் மோனோ" என்றால் அழகாக இருக்கிறான். "எஸ் உன் மோனோ" என்றால் அவன் ஒரு குரங்கு! தமிழில் 'ஒரு' சேர்த்தாலும் விட்டாலும் பல இடங்களில் பொருள் அவ்வளவாக மாறாது. அந்தப் பழக்கத்தில் ஒரு பெண்ணைப் பாராட்ட நினைத்து "எரெஸ் உனா மோனா" என்று சொல்லிவிட்டால், அவள் முகம் சுருங்கிவிடும். 'உனா' வேண்டுமென்றால் "உனா மொனாதா" என்று சொல்லுங்கள். அது கொஞ்சல்தான்.

மனிதரைக் குரங்கு என்று அழைப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. நம் வீடுகளில் சேட்டை செய்யும் பிள்ளையைச் செல்லமாகக் 'குரங்கு' என்பதுபோல அங்கே எல்லாரிடமும் சொல்ல முடியாது. கறுப்பினத்தவரை நோக்கி வரும்போது அது அப்பட்டமான இனவெறி. 2023 மே மாதம் வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில், பிரேசில் கால்பந்து வீரர் வினிசியுஸ் ஜூனியரைப் பார்த்துக் குரங்குபோல ஒலி எழுப்பி, சைகை காட்டிய மூன்று ரசிகர்களுக்கு அடுத்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. இந்தச் சொல்லைக் கற்கும் எவரும் இதையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பேன்.

ஸ்பெயினில் கற்றதை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுபோவது இன்னொரு தவறு. கொலம்பியாவில் 'மோனோ' என்றால் பொன்னிற முடிக்காரர். பொகோதாவில் யாராவது "லா மோனா" என்றால் அழகையும் தேடாதீர்கள், குரங்கையும் தேடாதீர்கள். சிலியில் கார்ட்டூன் படங்களே 'மோனோஸ் அனிமாதோஸ்'. ஈக்வடாரில் மலைப்பகுதிக்காரர்கள் குவாயாகில் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர் இது. அவர்களுக்குள் இருக்கும் உரசல் அது. வெளியிலிருந்து போகிறவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. லத்தீன் அமெரிக்காவில் குழந்தையைக் கொஞ்ச 'லிந்தோ', 'லிந்தா' போதும், எங்கும் செல்லும்.

ஸ்பெயினிலேயே இன்னும் இரண்டு பொருள் உண்டு. மெக்கானிக் போடும், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடையும் 'மோனோ'தான். சிகரெட்டை விட்டவர் "தெங்கோ மோனோ" என்றால் வீட்டில் குரங்கு வளர்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். புகைக்கத் தவிக்கிறார். போதைப் பழக்கத்தை விடும்போது உடம்பு படும் பாட்டுக்கு வைத்த பெயர் இது. இன்று கடற்கரைக்கோ சாக்லேட்டுக்கோ ஏங்கினாலும் சொல்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே போதையிலிருந்து மீண்டுவரும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், சாக்லேட்டுக்காக அந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

'மோனா'வும் சும்மா இல்லை. "தோர்மிர் லா மோனா" என்றால் குடித்த மயக்கம் தெளியும்வரை தூங்குவது. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியிலோ ஈஸ்டர் சமயத்தில் ஞானத்தந்தை தன் ஞானப்பிள்ளைக்கு வாங்கித் தரும் கேக்கின் பெயரே 'மோனா'. கொடுத்தால் தயங்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.