வயலில் கிடப்பதெல்லாம் கொதிகலனுக்கு வராது

தஞ்சாவூரில் இத்தனை ஏக்கர் நெல், ஏக்கருக்கு இவ்வளவு வைக்கோல், பெருக்கினால் இத்தனை மெகாவாட். வைக்கோல், உமி, விறகு போன்றவற்றை எரித்து மின்சாரம் எடுக்கும் உயிரிப்பொருள் மின்நிலையத்துக்கான திட்டக் கணக்குகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. பெருக்கலில் பிழையில்லை, வைக்கோலை மாடு தின்னும் என்பதுதான் கணக்கில் இல்லை. பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தும் தாளை வைத்து டெல்டாவை அளக்கக் கூடாது. இங்கே அதைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிக் கேரளம் வரை விற்கிறார்கள். உமியும் அப்படியே. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி என்பது சரி, ஆனால் புழுங்கல் அரிசி ஆலை நெல்லை அவிக்க அதைத்தானே எரிக்கிறது? நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டன் உயிரிப்பொருள் கிடைத்தாலும், உபரி 23 கோடி டன்தான் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. அந்த உபரியிலும் ஆலை வாசலுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பது தனிக் கேள்வி.

அடுத்தது ஈரம். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி தரும். பாதி எடை நீராக இருந்தால், அந்த நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, மிஞ்சுவது 2,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். காய்ந்த விறகின் மதிப்பைப் போட்டுப் பச்சை விறகின் டன்னைப் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எடைமேடை ரசீதில் நீருக்கும் சேர்த்தே பணம் போகும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை நம்பித் திட்டம் போடுவோர் செய்யும் தவறு வேறு வகை. நிற்கிற மரத்தையெல்லாம் ஆண்டு விளைச்சலாக எண்ணுவது முதலையே வட்டியாக எண்ணுவது போன்றது. வெட்டிய கட்டை மீண்டும் தழைக்கச் சில ஆண்டுகள் ஆகும். கரிமூட்டம் போடுவோரும் அதே மரத்துக்குத்தான் வருவார்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னது. இருபது ஆண்டுத் திட்டத்துக்கு இதுவும் ஒரு கணக்கு.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோ எரிபொருள் என்று வைத்தாலும் 10 மெகாவாட் ஆலைக்கு நாளுக்கு 290 டன் வேண்டும்: 10 டன் லாரியில் முப்பது நடை. உதிரி வைக்கோல் என்றால் லாரி நிறைந்தாலும் எடை நிறையாது. இவ்வளவு வாங்க ஒருவர் வந்துவிட்டார் என்று தெரிந்த நாளில் விலையும் பழைய விலையாக இருக்காது.

களஆய்வுக்குப் பெரும்பாலும் மாசி, பங்குனியில் போகிறார்கள். களத்தில் வைக்கோல் போர் நிற்கும், விறகும் காய்ந்திருக்கும். ஐப்பசி மழையில் ஒருமுறை போய், அதே விறகு என்ன விலை, எத்தனை நாள் இருப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.