குர்குமின்: தூளா, மாத்திரையா?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின்தான் மூட்டுவலிக்கு என்று மாத்திரையாக விற்பனைக்கு வருகிறது. வாங்கும் முன் டப்பாவைத் திருப்பி மில்லிகிராம் கணக்கைப் பாருங்கள். காய்ந்த மஞ்சளில் குர்குமின் 2 முதல் 5 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி தூள் சுமார் 3 கிராம். 3 சதவீதம் என்று வைத்தால் 90 மி.கி. ‘95 சதவீதம்’ என்று போட்ட 500 மி.கி. மாத்திரையில் 475 மி.கி. இருக்கும். ஐந்து தேக்கரண்டித் தூளை ஒரே வாயில் விழுங்குவதற்கும் மேல்! உணவு நிறமியாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒப்பும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. வரை. 60 கிலோ எடைக்கு 180 மி.கி. வருகிறது. ஆக, மாத்திரை என்பது மருந்துக் கணக்கில் சேர்ந்தது.

தினசரிச் சமையலுக்கு சேலத்துக்காரர்கள் விரலி மஞ்சளாகவே வாங்கி அரைப்பது நல்லது. லீ பஜாரில் கேட்டால் கிடைக்கும். விரலியை ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்து, நடு வரைக்கும் ஒரே ஆரஞ்சு மஞ்சளாக இருக்க வேண்டும். ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது. டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் சரியாக வேகவைக்காத சரக்கு. மேல்தோல் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்து, தண்ணீரில் போட்ட உடனே நிறம் இறங்கினால் லெட் குரோமேட் பூசியிருக்கலாம். அதில் இருப்பது ஈயம்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கால் கிலோ விரலியை ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய துணி மூடி ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். துணி தூசிக்கு மட்டுமல்ல, குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். இடித்து மில்லில் அரைத்ததும் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். பிறகு வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வெந்நீரில் கலக்கிக் குடித்தால் தூள் அடியில் தங்கிவிடும், பெரும்பகுதி அப்படியே வெளியேறும். தாளித்ததும் அடுப்பைக் குறைத்து, அரைத் தேக்கரண்டித் தூளை எண்ணெயில் சில நொடி பிரட்டிய பிறகு காய் சேருங்கள், கருகினால் கசக்கும். பாலில் போடுவதானால் ஆடை எடுக்காத பாலாக இருக்கட்டும். ஆப்பசோடா சேர்ந்தால் நிறம் சிவந்து, குர்குமினும் வேகமாகச் சிதையும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகு இங்கே கைகொடுக்கும். 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு, மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் 20 மி.கி. கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. மிளகில் பைப்பரின் ஏறக்குறைய 5 சதவீதம். அந்தக் கணக்கில் அரை கிராமுக்குக் குறைவான மிளகே போதும். ஆனால் இதே பைப்பரின் பினைட்டோயின் (வலிப்புக்கு), தியோபிலின் (ஆஸ்துமாவுக்கு) போன்ற மருந்துகளையும் உடலில் கூடுதலாகத் தங்கவைக்கும்.

முழங்கால் தேய்மானத்தில் வலி ஓரளவு குறைவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. புற்றுநோய், மறதிநோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பித்தப்பைக் கல் உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தூளையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்; மஞ்சளில் ஆக்சலேட் அதிகம். 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறமானாலோ அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

குர்குமினைப் போலவே மாத்திரையாக விற்கும் இன்னொரு மஞ்சள் நிறமி, கீரைகளில் உள்ள லூட்டீன். கண்ணுக்கு அதைத் தேடுபவர்களுக்கு முருங்கைக்கீரையை நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கிச் சாப்பிடுவதே போதும். விழித்திரை மையச் சிதைவு ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் மாத்திரை. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயன்படுத்திய அளவு லூட்டீன் 10 மி.கி., அதன் இன நிறமியான ஸியாசாந்தின் 2 மி.கி. புகைபிடிப்பவர் என்றால் அந்த மாத்திரையில் பீட்டா கரோட்டின் (கேரட்டின் ஆரஞ்சு நிறமி) இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், தினம் 20 மி.கி. எடுத்த புகைப்பழக்கக்காரர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.