நாய் குஷியானா ஏன் ஜொள்ளு விடுது? நீங்களே கண்டுபிடிச்சு சமாளிக்கிறது எப்படி

எங்க வீட்டு பூரி ஒரு லேப் (லேப்ரடார் நாய்). பேரு வச்சது தங்கச்சி, என்னைத் திட்டாதீங்க. சாயங்காலம் நான் வந்து கேட் தாழ்ப்பாளைத் தொட்ட சத்தம் கேட்டா போதும், உள்ள இருந்து பறந்து வந்து, என்னைச் சுத்தி ரெண்டு ரவுண்டு அடிச்சு, கடைசில பேண்ட்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து விட்டுருவான், காஞ்சதுக்கு அப்புறம் நத்தை போன தடம் மாதிரி பளபளன்னு இருக்கும். மாமா வீட்ல ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கு. மாமா வண்டி தெருமுனைல திரும்பினாலே அது குதிக்கிற குதி பூரிய விட ரெண்டு மடங்கு, ஆனா வாய்ல இருந்து ஒரு சொட்டு விழாது. அப்ப பாசத்துக்கும் ஜொள்ளுக்கும் சம்பந்தமே இல்லையான்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அதுல ஆரம்பிச்சு நான் தெரிஞ்சுகிட்டத, புதுசா நாய் வளக்குறவங்களுக்காக ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. எச்சில் ஊறுறது வேற, வழியுறது வேற. நமக்கும் நாள் முழுக்க எச்சில் ஊறிக்கிட்டேதான் இருக்கு, முழுங்கிடுறோம், அதனால தெரியல. நாய்க்கு காதுக்குக் கீழ, தாடை ஓரத்துல, நாக்குக்கு அடில, அப்புறம் நமக்கு இல்லாத ஒண்ணு கண்ணுக்குக் கீழ கன்ன எலும்பை ஒட்டி, ஆக 4 ஜோடி பெரிய சுரப்பி இருக்கு. சுரக்கிறத முழுங்கிட்டா யாருக்கும் பிரச்சனை இல்ல. குஷியாகி மூச்சு வாங்க ஆரம்பிச்சா வாய் திறந்து நாக்கு தொங்கிரும், அப்ப முழுங்குறது குறைஞ்சிரும் (நீங்க நாக்க வெளிய நீட்டிக்கிட்டே எச்சிலை முழுங்கிப் பாருங்க, எவ்ளோ கஷ்டம்னு தெரியும்). அதோட நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல கொஞ்சம் வேர்க்கும் அவ்ளோதான், உடம்பு சூடானா அது முக்கியமா மூக்கு, நாக்கு, வாய்ல இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் போகணும், அந்த ஈரத்துக்காக எச்சில் கூடுதலா சுரக்கும். ஆக ஊறுறது கூடுது, முழுங்குறது குறையுது, மிச்சம் உங்க பேண்ட்ல.

ஸ்டெப் 1: சும்மா படுத்திருக்கும்போது உதட்டைப் பாருங்க

குதிச்சுகிட்டு இருக்கும்போது இல்ல, சாப்டுட்டு தூங்கி எந்திரிச்ச நேரத்துல. மேல் உதடு தாடையோட ஒட்டி இருக்கா, இல்ல திரைச்சீலை மாதிரி தொங்குதா? கீழ் உதட்டோட ஓரத்தை விரலால லேசா இழுத்துப் பாருங்க, அங்க ஒரு சின்ன குழி மாதிரி இருந்தா அதுதான் உங்க நாயோட டேங்க். எச்சில் அங்க வந்து சேரும், நிரம்பினா ஓரத்துல நூல் மாதிரி இறங்கும், தலைய ஒரு உலுக்கு உலுக்கினா சீலிங் வரைக்கும் போகும். செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப், ப்ளட்ஹவுண்ட், பாசெட் ஹவுண்ட், நியூஃபவுண்ட்லாண்ட் இதுக்கெல்லாம் உதடே அந்த டிசைன்தான், அதுங்க ஒண்ணும் மத்த நாய விட அதிகமா சந்தோஷப்படல, வாய்ல ஓட்டை பெருசு. நம்ம சிப்பிப்பாறை, கன்னி இதெல்லாம் நீளமான ஒடுங்கின மூஞ்சி, உதடு தாடையோட இழுத்துத் தச்ச மாதிரி இருக்கும், எச்சில் தங்க இடமே இல்ல. மாமா வீட்டு நாய் மர்மம் இதோட முடிஞ்சுது. லேப் நடுவுல, உதடு ஓரளவுக்குத்தான் லூசு, ஆனா சாப்பாட்டுப் பைத்தியம், அதுக்கு அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 2: ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க

இதை யாருமே செய்ய மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன், ஏன்னா இதுதான் ரொம்ப முக்கியம். எப்ப வழிஞ்சுது, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, எவ்ளோ நேரத்துல நின்னுச்சு, இந்த மூணு மட்டும். போன்ல டைப் பண்ணினாலும் சரிதான்.

நான் எழுதினதுல வெளிய வந்த விஷயம் கொஞ்சம் அவமானமா இருந்துச்சு. பூரி என்னைப் பாத்து ஜொள்ளு விடல. நான் வந்ததும் பைய வச்சுட்டு பிஸ்கட் டப்பாவ திறக்குறது பழக்கம், ஆக கேட் சத்தம்னா அவனுக்கு பிஸ்கட். அம்மாவும் கேட்டைத் திறந்துட்டுத்தான் வர்றாங்க, ஆனா அது பின்பக்க கேட், அவங்க பிஸ்கட் தர்றதும் இல்ல, அவங்களுக்கு வெறும் வாலாட்டல்தான், ஈரம் கிடையாது.

இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல, ரஷ்யால பாவ்லோவ்னு ஒரு விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாத்தது. அவர் நாய்ங்களோட செரிமானத்தை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார், அதுக்குத்தான் 1904-ல நோபல் பரிசே கிடைச்சுது. எச்சில் வெளிய வர்ற மாதிரி கன்னத்துல குழாய் பொருத்தி அளந்துட்டு இருந்த இடத்துல, சாப்பாடு வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே, சாப்பாடு கொண்டு வர்ற ஆளைப் பாத்தாலே எச்சில் ஊறுதுன்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் போடுற கருவி), பஸ்ஸர்னு வச்சு சோதிச்சார். பாவ்லோவ் மணி அடிச்சுத்தான் சோதிச்சார்னு எல்லாரும் சொல்றோம், நிஜத்துல மணிய விட மத்ததுதான் அதிகம். உங்க நோட்டுல பாருங்க, உங்க வீட்டு மெட்ரோனோம் எதுன்னு தெரியும். குக்கர் விசிலா, லீஷ் (நாயைப் பிடிக்கிற கயிறு) மாட்டியிருக்கிற ஆணியா, ஃப்ரிட்ஜ் கதவா.

ஸ்டெப் 3: இது குஷியா, பயமான்னு பிரிச்சுப் பாருங்க

பயந்தாலும் ஜொள்ளு வரும், இதுலதான் புதுசா வளக்குறவங்க ஏமாந்துருவாங்க. தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டு கட்டிலுக்கு அடில போய் மூச்சு வாங்குற நாய் வாய்ல இருந்தும் ஒழுகும். வாய மட்டும் பாக்காதீங்க, உடம்பைப் பாருங்க. வால் தளர்வா, முதுகோட சேந்து ஆடுதா, கண்ணு சாதாரணமா இருக்கா, அப்ப குஷி. வால் கால் நடுவுல, காது பின்னாடி, உதட்டை அடிக்கடி நக்குறது, தூக்கம் வராமலே கொட்டாவி, அப்ப பயம். கார்ல போகும்போது உதட்டை நக்கி கொட்டாவி விட்டு ஒழுக ஆரம்பிச்சா அது அனேகமா வாந்திக்கு முன்னறிவிப்பு, குட்டிங்களுக்கு இது ரொம்ப சகஜம், டிரிப் போற சந்தோஷம்னு நினைச்சு போட்டோ எடுத்துட்டு இருக்காதீங்க, வண்டிய ஓரம் கட்டுங்க.

ஆண் நாய் இன்னொரு கதை. பொட்டை நாய் மூத்திரம் போன இடத்தை மோந்துட்டு நாக்கால தள்ளித் தள்ளி, பல்லு கடகடன்னு அடிச்சு, வாய் ஓரத்துல நுரை தள்ளும், வலிப்பு வந்துருச்சோன்னு நான் ஒருநாள் தெருவுல அலறிட்டேன். அந்த வாசனைய வாய்க்கு மேல இருக்கிற ஒரு தனி உறுப்புக்கு அனுப்புறதுக்குத்தான் அந்த வேலை. நம்மூர்ல பொண்ணுங்க பின்னாடி சுத்துறவன ஜொள்ளு பார்ட்டின்னு சொல்றது எவ்ளோ சரின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ஸ்டெப் 4: வாய்க்குள்ள பாருங்க

இதை நான் லேட்டா செஞ்சேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். போன வருஷம் வீட்ல பிரியாணி, மூணு நாள் பூரி ஒழுக்கிக்கிட்டே திரிஞ்சான், நானும் வாசனை இன்னும் போகலன்னு சிரிச்சுட்டே இருந்தேன். அம்மாதான் சொன்னாங்க, "டேய், ஒரு பக்கமா மட்டும் வாணி வடியுது பாரு, மூஞ்சிய வேற கால்ல தேய்க்கிறான்"னு. திறந்து பாத்தா மேல் அண்ணத்துல ரெண்டு பக்க பல்லுக்கும் குறுக்கால ஒரு ஆட்டெலும்புத் துண்டு, பாலம் கட்டின மாதிரி உக்காந்திருக்கு. டாக்டர் அரை நிமிஷத்துல எடுத்துட்டார். நோட்டு எழுதியிருந்தேன்னா முதல் நாளே தெரிஞ்சிருக்கும், ஏன்னா குஷி ஜொள்ளு குஷி அடங்கினா நின்னுரும், இது தூங்கும்போதும் நிக்கல.

எப்படிப் பாக்குறது: உங்க நாய் உங்கள வாயத் தொட விடுற நாயா இருந்தா மட்டும், உதட்டைத் தூக்கி மேல் வரிசை பின்பக்க பெரிய பல்லைப் பாருங்க. காதுக்குக் கீழ இருக்கிற சுரப்பியோட குழாய் அந்தப் பல்லுக்குப் பக்கத்துலதான் திறக்குது, அதனால பல்லுக் காரை முதல்ல அங்கதான் படியும். மஞ்சளா கெட்டியா இருந்து ஈறு சிவந்து வாய் நாறினா பல் பிரச்சனைதான் ஒழுக வைக்குது. அப்புறம் நாக்குக்கு அடில, அண்ணத்துல.

ஆனா தடுப்பூசி போடாத நாய், தெரு நாய், திடீர்னு குணம் மாறின நாய், தாடை தொங்கி முழுங்க முடியாம ஒழுகுற நாய், குரல் மாறின நாய், இதுங்க வாய்ல "எலும்பு மாட்டியிருக்கும்போல"ன்னு கைய விடவே விடாதீங்க. வெறிநோயும் அப்படித்தான் தெரியும். கடிச்சாலோ எச்சில் காயத்துல பட்டாலோ ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோங்க.

இன்னும் சிலதுக்கு காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்துல தேரைய கவ்விட்டு நுரை தள்ளினா தலைய கீழ சாய்ச்சு பக்கவாட்டுல தண்ணி விட்டு தொண்டைக்குள்ள போகாம வாய கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. வெயில்ல கெட்டியான எச்சிலோட மூச்சு வாங்கி தள்ளாடினா சூடு ஏறிருச்சு (நாய்க்கு சாதாரணமா 38.3-ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ், 41 தாண்டினா உயிருக்கு ஆபத்து), நிழலுக்குக் கொண்டு போய் உடம்புல குழாய்த் தண்ணி ஊத்தி ஃபேன் போட்டுட்டே கிளம்புங்க. பெரிய நாய், வயிறு மேளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்கப் பாத்தும் ஒண்ணும் வராம நூல் நூலா எச்சில் மட்டும் வந்தா இரைப்பை முறுக்கியிருக்கலாம், ராத்திரி 2 மணின்னாலும் டாக்டரை எழுப்புங்க. பூச்சி மருந்து அடிச்ச இடத்துல மேஞ்சுட்டு வந்து ஒழுகி நடுங்கினாலும் இதேதான்.

ஸ்டெப் 5: குஷிய கொஞ்சம் இறக்குங்க

ஜொள்ளை நிறுத்த முடியாது, அது நாய் வேணும்னு செய்யுறதும் இல்ல, அதனால திட்டாதீங்க. தண்ணிய குறைச்சு வச்சா எச்சில் குறையும்னு யாரோ சொன்னாங்கன்னு செய்யாதீங்க, பாவம் அது. மாத்த முடிஞ்சது ஜொள்ளைக் கிளப்புற அந்த சிக்னலத்தான். பாவ்லோவே பாத்தார், சிக்னல் மட்டும் குடுத்து சாப்பாடு தராம திரும்பத் திரும்ப செஞ்சா எச்சில் குறைஞ்சுகிட்டே வருதுன்னு.

லீஷ் சிக்னல்னா, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ லீஷை எடுத்து கைல வச்சுகிட்டு டீ குடிங்க, திரும்ப மாட்டுங்க, வெளிய போகாதீங்க. முதல் ரெண்டு நாள் உங்கள பைத்தியம்னு பாக்கும், அப்புறம் தலையே தூக்காது. எனக்கு கேட்தான் சிக்னல், அதனால வந்ததும் பிஸ்கட் டப்பா பக்கமே போகாம, சட்டை மாத்தி, முகம் கழுவி, அவன் நாலு காலும் தரைல இருக்கும்போது மட்டும் மெதுவா பேசி தடவிக் குடுத்தேன். பிஸ்கட்டை நிறுத்தல, நேரத்தை மாத்தினேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். மூணு வாரத்துல கோடு புள்ளியா மாறுச்சு. நடுவுல ஒருநாள் தங்கச்சி பாசத்துல வாசல்லயே குடுத்துட்டா, திரும்ப முதல்ல இருந்து.

விருந்தாளி வந்தா, கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி உலர் தீனிய தரைல விசிறி விடுங்க. தலைய குனிஞ்சு மோந்து தேடித் தின்னும்போது வாய் மூடித் திறக்குது, முழுங்குது, மூச்சும் அடங்குது. எச்சில் அப்பவும் ஊறும், ஆனா உள்ள போகும், உங்க அத்தை புடவைக்குப் போகாது.

ஸ்டெப் 6: துடைக்கிறது

பழைய பனியன் துணிதான் பெஸ்ட், டர்க்கி டவல்ல நூல் மாட்டும். கேட் பக்கத்துல ஒண்ணு, சோபா பக்கத்துல ஒண்ணு தொங்க விடுங்க. உதடு தொங்குற நாயா இருந்தா கீழ் உதட்டு மடிப்பை தினமும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சால துடைச்சு, முக்கியமா ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க, ஈரம் தங்கினா அந்த மடிப்பு சிவந்து புண்ணாகி நாறும். வீட்டு கிருமிநாசினிய அதுல போடாதீங்க, நக்கிரும். செவுத்துல பட்டத ஈரமா இருக்கும்போதே துடைச்சுருங்க, காஞ்சா சுரண்டணும். கல்யாணம் காட்சிக்குக் கிளம்பும்போது நாய்கிட்ட டாட்டா சொல்லிட்டு, அதுக்கு அப்புறம் வேட்டி கட்டுங்க.