கன்னு போட்டாச்சா? சீம்பாலுக்கு நஞ்சுக்கொடி விழுற வரை காத்திருக்காதீங்க

"நஞ்சு விழட்டும், அப்புறம் கன்னுக்கு பால் விடலாம்"னு இன்னும் நிறைய ஊர்ல பெரியவங்க சொல்றாங்க, மத்த எல்லாத்துலயும் அவங்க பேச்ச கேளுங்க, இதுல மட்டும் வேண்டாம். கன்னு வாய் வச்சு காம்ப சப்புனாலே மாட்டோட உடம்புல ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோன் சுரக்கும், கர்ப்பப்பை சுருங்கி நஞ்சு விழுறதுக்கே அது உதவி, அதனால காத்திருந்தா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

மனுஷக் குழந்தைக்கு வயித்துக்குள்ளயே தாய்கிட்ட இருந்து எதிர்ப்பு சக்தி கொஞ்சம் வந்துடும், மாட்டுல அப்படி இல்ல, நஞ்சு வழியா ஆன்டிபாடி (நோய எதிர்க்குற புரதம்) கன்னுக்கு போகாது. பொறக்கும்போது அதுகிட்ட கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது, வர்றதெல்லாம் சீம்பால்லதான் வரணும். அந்த ஆன்டிபாடிய அப்படியே உள்ள இழுக்குற தன்மை கன்னோட குடலுக்கு கொஞ்ச நேரம்தான் இருக்கும், முதல் ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் நல்லா குறைஞ்சு 24 மணி நேரத்துல அடைஞ்சுடும். மறுநாள் எத்தன லிட்டர் குடுத்தாலும் சத்தா சேரும், ரத்தத்துல ஆன்டிபாடியா ஏறாது.

அளவு: கன்னோட எடையில பத்துல ஒரு பங்கு. ஜெர்சி கிராஸ் கன்னு 25 கிலோ இருந்தா ரெண்டரை லிட்டர், எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கிராஸ் 30 கிலோன்னா மூணு லிட்டர். பாதிய முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு லேட்டானாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க, மீதி ஆறு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். "அதுவே குடிச்சுக்கும்"னு விட்டா எவ்வளவு குடிச்சுச்சுன்னு யாருக்கும் தெரியாது, மடி தொங்குற கிராஸ் மாட்டுல கன்னு மேல மேல முட்டிகிட்டு காம்பு கிடைக்காமலே படுத்துடும். அதனால மடிய வெதுவெதுப்பான தண்ணில கழுவி தொடச்சுட்டு, ஒவ்வொரு காம்புலயும் முதல் ரெண்டு பீச்ச வெளிய விட்டுட்டு, அளவு பாத்திரத்துல கறந்து நிப்பிள் பாட்டில்ல குடுங்க. கன்னு நின்னுகிட்டு கழுத்த லேசா தூக்கி தானா சப்பணும். வாய திறந்து மடமடன்னு ஊத்துறது, மூங்கில் குழாய்ல ஊத்துறது வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குள்ள போனா நிமோனியாதான். சப்பவே தெம்பு இல்லன்னா டாக்டர வரச்சொல்லி டியூப் வழியா குடுக்கலாம்.

சீம்பால் கெட்டியா மஞ்சளா இருந்தா நல்லதுன்னு சொல்லுவாங்க, கண்ண மட்டும் நம்ப முடியாது. கரும்புக்காரங்க கிட்ட சாறு பாக்குற பிரிக்ஸ் மீட்டர் இருந்தா அதுலயே ஒரு சொட்டு விட்டு பாருங்க, 22க்கு மேல காட்டுனா நல்ல சீம்பால். மாடு கன்னு போடறதுக்கு முன்னாடியே பால் ஒழுகியிருந்தா தரம் குறைஞ்சிருக்கும்.

மிஞ்சுனத அக்கம்பக்கத்துக்கு குடுக்கறது நம்ம வழக்கம், குடுங்க, ஆனா கன்னு குடிச்ச பிறகு. நல்ல மாட்டு சீம்பால் ஒரு லிட்டர பாட்டில்ல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, சில மாசம் தாங்கும், தாய் செத்துட்டாலோ பால் இல்லாத மாடுன்னாலோ அதுதான் உயிர காப்பாத்தும். கரைக்கும்போது கை பொறுக்குற சூடு தண்ணில பாட்டில முக்கி வைங்க, அடுப்புல வச்சா கட்டியாகி சாப்பிடத்தான் ஆகும், அந்த ஆன்டிபாடியும் போச்சு.

இதுக்கு நடுவுல தொப்புள மறந்துடாதீங்க. கன்னு பொறந்ததும் மூக்கு வாயில இருக்குற கோழைய துடைச்சு, சாக்கால உடம்ப நல்லா தேச்சு காய விட்டுட்டு, தொப்புள் கொடி நீளமா தொங்குனா ரெண்டு இன்ச் விட்டு கொதிக்க வச்ச நூலால கட்டி சுத்தமான பிளேடால வெட்டுங்க. சின்ன டம்ளர்ல டிங்சர் அயோடின் ஊத்தி கொடி முழுசும் முங்குற மாதிரி பிடிங்க, காயுற வரை தினமும் போடுங்க. சாணி, சாம்பல் எதுவும் வைக்காதீங்க, அந்த வழியா கிருமி ஏறினா சில நாள்ல முட்டி வீங்கி நிக்கும்.

முதல் ரெண்டு வாரம் கழிச்சல்தான் பெரிய வில்லன். தண்ணியா போக ஆரம்பிச்சதும் பால நிறுத்திடறாங்க, அது தப்பு. பால குடுங்க, ரெண்டு வேளை பாலுக்கு நடுவுல ஓஆர்எஸ் கரைசல் தனியா குடுங்க, பால்ல கலக்காதீங்க. கழுத்து தோல கிள்ளி விட்டா உடனே படியாம நின்னுச்சுன்னா, கண்ணு உள்ள போயிருந்தா, காது சில்லுன்னு இருந்தா, சப்பலன்னா காத்திருக்காம கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க. எருமை கன்னா இருந்தா தாய்ப்பால் வழியாவே உருண்டைப் புழு வரும், பத்து பதினாலு நாள்லயே குடற்புழு மருந்து வேணும், அளவ எடைய பாத்து டாக்டர்தான் சொல்லணும்.

நஞ்சு 12 மணி நேரம் ஆகியும் விழலன்னா அதுக்கும் டாக்டர்தான். கல்லு கட்டி தொங்கவிடறது, கையால இழுக்கறது எல்லாம் கர்ப்பப்பைய கெடுத்துடும்.